முதலில் தொட்டியைப் பழக்குவோம்!

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

புதிதாக வாங்கி வந்த மண்சட்டியை அன்றைக்கே அடுப்பில் ஏற்றிக் குழம்பு வைக்கும் தாய் எவரும் நம் ஊரில் இல்லை. தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவிய நீரைக் காய்ச்சி ஊற்றி, சில நாட்கள் 'பழக்கி' எடுத்த பிறகுதான் அது சமையலுக்கு வரும். பழக்காத சட்டி வெடிக்கும். குழம்பில் மண்வாசனை அடிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூடத் தெரிந்த இந்தச் சிறு பாடம், பட்டப்படிப்புப் படிக்கும் நமக்குச் சென்ற ஆண்டு தெரியாமல் போயிற்று. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் விலங்கியல் துறையில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று அமைத்ததும், அது பத்தே நாட்களில் வெறுந்தொட்டியாகிப் போனதும் தோழர்கள் பலருக்கு நினைவிருக்கும். இந்த ஆண்டும் அதே தொட்டியைக் கழுவித் துடைத்து, கல்லூரி நாளன்று திறந்து வைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் சென்ற ஆண்டு செய்த பிழையை இந்த ஆண்டும் செய்யப்போகிறோமா என்பதே என் கேள்வி. மீன்களுக்கு வாய் இருந்தும் பேச்சு இல்லை. ஆகவே அவற்றின் சார்பில் ஒரு வழக்கை இங்கே எடுத்து வைக்கிறேன்.

நடந்தது என்ன?

சென்ற ஆண்டு நடந்ததில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. குற்றவாளிக் கூண்டில் நானும் ஒருவன். விழாவுக்கு நான்கு நாட்களே இருந்தபோது 200 லிட்டர்த் தொட்டி வந்து இறங்கியது. மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த பணத்தில் கடலுப்புக் கலவை வாங்கினோம். இரவோடு இரவாக மணலைக் கழுவிப் போட்டோம். மோட்டாரை மாட்டினோம். தண்ணீர் பளிங்கு போலத் தெளிந்தது. மறுநாளே ஒன்பது மீன்கள் வந்து சேர்ந்தன. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு. மற்றவை நீல நிறச் சிறு மீன்கள்.

விழா நாளன்று கூட்டம் அலைமோதியது. சிறப்பு விருந்தினர் விளக்கைப் போட்டார்; எல்லோரும் கை தட்டினோம். மீன்கள் நன்றாக இருக்க வேண்டுமே என்ற ஆசையில் வந்தவர் போனவர் எல்லாம் இரை போட்டோம். நான் மட்டும் அன்று மூன்று முறை போட்டேன்.

ஐந்தாம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. 'இரை கேட்கிறது' என்று ஒருவன் சொன்னான், அதற்கும் போட்டோம். ஆறாம் நாள் காலை இரண்டு மீன்கள் மிதந்தன. அதன் பிறகு நாளுக்கு ஒன்று, இரண்டு. உப்பு சரியில்லை என்றார் ஒருவர். கடைக்காரர் நோய் பிடித்த மீனைக் கொடுத்துவிட்டார் என்றார் மற்றொருவர். கண்ணேறு என்று சொன்னவரும் உண்டு. பத்தாம் நாள் கடைசிக் கோமாளி மீனும் போயிற்று. இத்தனைக்கும் தண்ணீர் கடைசி நாள்வரை பளிங்கு போலத்தான் இருந்தது.

வேதனை இதில் மட்டும் இல்லை. அதே வாரத்தில்தான் பக்கத்து வகுப்பறையில் நைட்ரஜன் சுழற்சி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. படத்தை அழகாக வரைந்து, அம்புக்குறி போட்டு, நிறம் தீட்டி மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்தப் படம் பத்தடி தூரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நடக்க வேண்டியது, நடக்காததால்தான் மீன்கள் சாகின்றன என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சுரைக்காயின் மேல் குற்றமில்லை; அதை ஏட்டிலிருந்து எடுத்துக் கறியாக்க மறந்தவர்கள் நாம்தான்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

மீன் உண்ட இரையிலுள்ள புரதம் உடலில் பயன்பட்டபின் எஞ்சும் நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே செவுள் வழியாக வெளியேற்றுகிறது. எஞ்சிய இரையும் கழிவும் அழுகும்போதும் அம்மோனியாவே பிறக்கிறது. பரந்த கடலில் இது கரைந்து போய்விடும். 200 லிட்டர்ப் பெட்டியில் எங்கே போகும்? அங்கேயே சேரும். அது நிறமற்றது, கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த நீரே நல்ல நீர் என்று எண்ணி ஏமாந்தது இதனால்தான்.

இங்கே கடல்நீருக்கு ஒரு தனி ஆபத்தும் உண்டு. நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. அதன் நச்சுத்தன்மை குறைவு. மற்றொன்று அயனியாகாத அம்மோனியா. செவுளை எளிதில் ஊடுருவி மீனைக் கொல்வது இதுவே. நீரின் பி.எச். ஏற ஏற இந்த இரண்டாவதன் பங்கு ஏறும். பி.எச். 7 உள்ள நன்னீரில், 25 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் அது நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், அங்கே அது நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டிவிடும். அதாவது, நன்னீர்த் தொட்டியில் தங்க மீன் ஒருவாறு தாங்கிக்கொள்ளும் அதே அளவு அம்மோனியா, கடல்நீர்த் தொட்டியில் பத்து மடங்குக்கு மேல் கொடியதாகிறது.

இந்த நஞ்சை முறிப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரைட் நன்னீர் மீன்களின் இரத்தத்தைப் பழுப்பாக்கிக் கொல்லும். கடல்நீரில் குளோரைடு மிகுந்திருப்பதால் அதன் கொடுமை வெகுவாகக் குறைகிறது. ஆயினும் அது தேங்கி நிற்பது பழகாத தொட்டிக்கு அடையாளம். இறுதியில் வரும் நைட்ரேட் ஓரளவு தீங்கற்றது. அவ்வப்போது கொஞ்சம் நீரை மாற்றினால் போதும்.

இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிட, மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டே மிகுதியாக வாழ்கின்றன. புதுத்தொட்டியில் அவை இருப்பது வெகு சொற்பம். அவை பெருகிக் குடியேறும் வரை மீன் விடாமல் காத்திருப்பதைத்தான் 'தொட்டியைப் பழக்குதல்' என்கிறேன்.

தந்தையும் மகனும்

இந்த அறிவு எப்படி வந்தது என்ற வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் 1850-இல், நீர்த்தாவரமும் நத்தையும் மீனும் ஒரே கண்ணாடித் தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்று செய்து காட்டினார். மீன்தொட்டிக் கலையின் முன்னோடிகளில் அவர் ஒருவர். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன்களுக்கென்று ஒரு தனி மாளிகையே திறக்கப்பட்டது. பிலிப் ஹென்றி காஸ் என்பவர் 1854-இல் இது பற்றி நூல் எழுத, இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் எல்லாம் கண்ணாடித் தொட்டிகள் வந்தன. தாவரம் பிராணவாயு தரும், மீன் கரியமில வாயு தரும், கணக்குச் சரியாகிவிடும் என்று அக்காலத்தார் எண்ணினர். கணக்கில் ஒரு பங்காளியை அவர்கள் சேர்க்கவில்லை. அந்தப் பங்காளிதான் நுண்ணுயிர்.

1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீண்ட குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்ல வடியவிட்டார்கள். முதல் 20 நாட்கள் அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன் பிறகு நைட்ரேட் தோன்றத் தொடங்கிற்று. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அந்த வேலை நின்றது. மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றிய பின் மீண்டும் தொடங்கியது. இது வெறும் வேதிவினை அன்று, உயிர்களின் வேலை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். தோழர்களே, அந்த 20 நாட்களைக் கவனியுங்கள். மணல் பழகுவதற்கு ஆன நாட்கள் அவை! 140 ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அறிந்த இந்தக் காத்திருப்புக்குத்தான் நாம் நான்கு நாட்கள் ஒதுக்கினோம்.

மீன்தொட்டி கண்ட வாரிங்டனின் மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் அவர் இதே வினையை ஆராய்ந்து, இது இரு படிகளில் நடப்பது என்று கண்டார். தந்தையின் தொட்டியில் விடுபட்டிருந்த விடையை மகன் வயல் மண்ணில் தேடினார் எனலாம். ஆனால் அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. அந்தப் பெருமை 1890-இல் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கிக்குக் கிட்டியது.

கதை அத்தோடு முடியவில்லை. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரு பெயர்களை நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். மீன்தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்பது 1990-களின் ஆய்வுகளில் தெரியவந்தது. 2005-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல் காட்சியகத்துத் தொட்டி ஒன்றிலிருந்து, பாக்டீரியா இனத்தையே சேராத ஆர்க்கியா வகை உயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது! கடல் முழுதும் இத்தகைய உயிர்கள் கணக்கின்றிப் பரவியிருப்பதாக இன்று அறிகிறோம். ஒரு மீன்தொட்டியின் அடியிலிருந்து உலகக் கடலைப் பற்றிய உண்மை கிடைத்தது. நம் துறைத் தொட்டியை வெறும் அலங்காரப் பெட்டியாகப் பார்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏன் இத்தனை நாள்?

'பாக்டீரியாதானே, ஒரே இரவில் பெருகிவிடாதா?' என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. நாம் ஆய்வகத்தில் வளர்க்கும் குடல் பாக்டீரியாவான ஈ.கோலை, நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று பத்து லட்சமாவதற்கு இருபது இரட்டிப்புகள் வேண்டும். அதற்கு ஏழு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அம்மோனியாவை உண்டு வாழ்பவை வேறு சாதி. அம்மோனியாவிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. அந்தச் சொற்ப ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவிலிருந்து தம் உடலைத் தாமே கட்டிக்கொள்ள வேண்டும். கூலி வேலை செய்து, அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து வீடு கட்டும் ஏழையின் நிலை அது. நல்ல சூழலிலேயே இரட்டிக்க எட்டு மணி நேரமாவது ஆகும்; தொட்டியில் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஒரு நாள் என்றே வைத்துக்கொண்டாலும், ஒன்று பத்து லட்சமாக 20 நாட்கள். அதன் பிறகுதான் இரண்டாவது கூட்டம் முழு வீச்சில் பெருகும். நான்கு முதல் ஆறு வாரம் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

எங்கள் துறையின் ஆய்வக உதவியாளர் ஐயா ஒரு விவசாயி. மீன்கள் இறந்த வாரத்தில் நான் முகம் வாடி நின்றபோது அவர் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "தம்பி, பச்சைச் சாணியைக் கொண்டாந்து நாத்துமேல கொட்டினா என்ன ஆகும்? கருகிப்போகும். அதையே குப்பையில போட்டு மக்கவிட்டு எடுத்தா எருவு. சாணி அதேதான், நாளுதான் வேற." அவர் பாடநூல் எதையும் புரட்டவில்லை. ஆனால் எருக்குழியிலும் மீன்தொட்டியிலும் நடப்பது ஒரே உறவு முறையைச் சேர்ந்த வேலை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மாட்டுத் தொழுவ மண்ணில் வெடியுப்பு பூப்பதும் இதே நுண்ணுயிர்களின் கைவண்ணம்தான்.

மறுப்புரைகளும் என் பதிலும்

முதல் மறுப்பு: 'தாக்குப்பிடிக்கும் மீன் இரண்டை முதலில் விட்டால் போதும், அவற்றின் கழிவிலேயே நுண்ணுயிர் வளரும், செத்தாலும் நட்டம் குறைவு.' இப்படிச் செய்யும் வழக்கம் உலகெங்கும் நெடுநாள் இருந்தது. டாம்செல் என்னும் நீல மீன்களை இதற்கென்றே விடுவார்கள். உண்மைதான், தொட்டி பழகும். அடிக்கடி நீர் மாற்றினால் மீன் பிழைக்கவும் கூடும். ஆனால் தாக்குப்பிடிக்கும் மீன் என்றால் என்ன பொருள்? வேதனை இல்லாத மீன் என்றா? செவுள் வெந்தாலும் உடனே சாகாத மீன் என்பதே பொருள். ஒரு கரண்டி உப்பு செய்யக்கூடிய வேலைக்கு ஓர் உயிரைக் கூலிக்கு அமர்த்துவானேன்?

இரண்டாம் மறுப்பு: 'சந்தையில் கூடை கூடையாக மீன் விற்கிறது, ஒன்பது மீனுக்கு இவ்வளவு அழுகையா?' நானும் மீன் குழம்பு சாப்பிடுகிறவன்தான். உணவுக்குப் பிடிப்பது வேறு. வாழவைப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்து சாகவிடுவது வேறு. இன்னொன்றும் உண்டு. நன்னீர் அலங்கார மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறப்பவை. சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் அது ஒரு குடிசைத் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. கடல் அலங்கார மீன்களில் மிகப் பல இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவை. மண்டபத்தில் கிளை கொண்டுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பிறந்தவற்றையே நாம் தேடி வாங்க வேண்டும். நம் தொட்டியில் ஒரு மீன் வீணாகச் செத்தால், அந்த இடத்தை நிரப்பப் பாறையிலிருந்து இன்னொன்று வரும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாம் மறுப்பு: 'கடலிலிருந்து உயிர்ப்பாறையைக் கொண்டுவந்து போட்டால் நுண்ணுயிரும் சேர்ந்து வந்துவிடுமே!' வெளிநாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். இங்கே அது கூடாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. பவளங்கள் 2001 முதல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. சட்டத்தை மீறிக் கல்லைப் பெயர்த்து வந்து, இயற்கையைக் காப்பது எப்படி என்று அதன் முன்னால் நின்று பாடம் நடத்துவதா? ஏற்கெனவே நன்றாக நடக்கும் தொட்டி ஒன்றிலிருந்து ஒரு பிடி மணலோ வடிகட்டிப் பஞ்சோ கேட்டு வாங்கினால் போதும். தயிருக்கு உறை ஊற்றுவது போல அது வேலையை விரைவாக்கும். நோயில்லாத தொட்டியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நான்காம் மறுப்பு: 'பாக்டீரியாவைப் புட்டியில் அடைத்து விற்கிறார்களே?' விற்கிறார்கள். சில நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் நம் ஊர் வெயிலில் எத்தனை நாள் எந்தக் கடை அலமாரியில் கிடந்து வந்தது என்று புட்டி சொல்லாது. ஊற்றுவதில் தவறில்லை, ஊற்றிவிட்டோம் என்பதற்காகச் சோதிக்காமல் மீன் விடுவதே தவறு.

ஐந்தாவது மறுப்புதான் பெரியது. 'விழா நாள் குறித்தாயிற்று; சிறப்பு விருந்தினர் வருகிறார்; வெறுந்தொட்டியையா காட்டுவது?' என் பதில்: ஆம், வெறுந்தொட்டியைத்தான் காட்ட வேண்டும்! அது வெறுந்தொட்டி என்று நினைப்பதே நம் அறியாமை. விழாவுக்காக உயிரைக் கொண்டுவந்து நிறுத்துவதைவிட, உயிர் குடியேறக் காத்திருக்கும் நீரைத் திறந்து வைப்பது ஓர் அறிவியல் துறைக்கு எவ்வளவோ பெருமை. பதறாத காரியம் சிதறாது.

நாம் செய்யக்கூடியது

குறை சொல்வது எளிது. வழி சொல்ல வேண்டும் அல்லவா? நம் கையில் உள்ளதைக் கொண்டே செய்யலாம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால், 200 லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ கடலுப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு உதவாது. மெக்னீசியம், கால்சியம், பைகார்பனேட் எல்லாம் சேர்ந்ததே கடல்நீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது நாம் வளர்க்க நினைக்கும் நுண்ணுயிர்களையே கொல்லும். ஆகவே சிறிது சோடியம் தயோசல்பேட் இட்டு அதை முறித்துவிட்டு, காற்றைச் செலுத்தியபடி ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 அளவில் நிற்கட்டும்.

அடுத்து, மீனுக்குப் பதிலாக அம்மோனியாவை நாமே ஊட்ட வேண்டும். இதற்கு வேதியியல் துறை அலமாரியில் உள்ள தூய அம்மோனியம் குளோரைடு போதும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வேண்டுமானால் 200 லிட்டருக்கு 400 மில்லிகிராம். மூலக்கூறு எடைகளை வைத்துக் கணக்கிட்டால் அம்மோனியம் குளோரைடு ஒன்றேகால் கிராம். ஒன்பது மீன்களின் உயிருக்கு ஈடாக ஒன்றேகால் கிராம் உப்பு! அதுவும் இல்லையென்றால், ஓர் இறால் துண்டைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு அழுகவிடலாம்; நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

மோட்டாரும் காற்றும் இரவு பகல் ஓட வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க நுண்ணுயிர்களுக்கு நாலரைக் கிராமுக்கு மேல் ஆக்சிஜன் தேவை. நம் ஊர் வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு 6 அல்லது 7 மில்லிகிராம் ஆக்சிஜனையே தாங்கும். 'மாலை ஐந்து மணிக்குத் துறையைப் பூட்டும்போது சுவிட்சையும் அணைத்துவிடுவோம்' என்ற வழக்கம் இங்கே செல்லாது. மின்வெட்டுக்கு மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப்பம்பு ஒன்று அவசியம்.

பிறகு அளக்க வேண்டும். முதலில் அம்மோனியா நிற்கும். ஒரு வாரம், பத்து நாளில் குறையத் தொடங்கி நைட்ரைட் ஏறும். பின் நைட்ரைட் இறங்கி நைட்ரேட் ஏறும். அம்மோனியா குறையும்போது மீண்டும் சிறிது சேர்த்துக்கொண்டே வர வேண்டும். இல்லையேல் வளர்ந்தவை பட்டினி கிடக்கும். இறுதியில், 2 மில்லிகிராம் அளவு அம்மோனியா இட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே மறைந்துவிட்டால், தொட்டி பழகிவிட்டது. அன்று நீரில் பெரும்பகுதியை மாற்றிவிட்டு, ஒரே ஒரு மீனையோ இரண்டையோ விடலாம். மற்றவற்றை வாரக்கணக்கில் இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும். ஒரே நாளில் ஒன்பது மீன்களைக் கொண்டுவந்து கொட்டினால் பழகிய தொட்டியும் திணறும்.

இதில் எல்லாத் துறைகளுக்கும் பங்குண்டு. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நிறமானி முறையில் அளப்பது வேதியியல் மாணவர்க்கு நல்ல செய்முறைப் பயிற்சி. ஏறி இறங்கும் வளைகோட்டை வரைவது கணித மாணவர்க்கு. தொட்டியின் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டுவோம். 'இன்று எத்தனையாவது நாள், அம்மோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு' என்று நாள்தோறும் எழுதுவோம். கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையைப் பார்ப்பது போல மாணவர்கள் வந்து பார்ப்பார்களா என்று கேட்கலாம். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது, எத்தனையாவது நாளில் அம்மோனியா பூச்சியமாகும் என்று அப்போதே இருவர் பந்தயம் கட்டிவிட்டார்கள்!

கல்லூரி நாளன்று சிறப்பு விருந்தினர் கையால் அந்த ஒன்றேகால் கிராம் உப்பைத் தொட்டியில் போடச் சொல்வோம். அதுவே திறப்பு விழாவாகட்டும். ஆறு வாரம் கழித்து, மேடையும் மாலையும் இல்லாத ஒரு சாதாரண நாளில், முதல் மீனை எங்கள் ஆய்வக உதவியாளர் ஐயா விடட்டும். நாற்றுக்கும் எருவுக்கும் உள்ள வேறுபாடு நாள்தான் என்று எங்களுக்குச் சொன்னவர் அவர்தானே.

அந்த ஆறு வாரமும் நான் இரை டப்பாவின் பக்கம் போகமாட்டேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.